ஒரு வாக்கு வித்தியாசமும் ஒரு நாள் கைதும்: வழக்குள்ள மக்கள் பிரதிநிதி பதவியில் இருக்கலாமா?

2021 ஏப்ரல் 8ஆம் திகதி இரவு யாழ்ப்பாண மாநகர முதல்வர் விஸ்வலிங்கம் மணிவண்ணன் பொலிஸ் நிலையத்துக்கு விசாரணைக்கு அழைக்கப்பட்டார். விடியும் முன்னரே பயங்கரவாத விசாரணைப் பிரிவு அவரைப் பொறுப்பேற்று வவுனியாவுக்குக் கொண்டுபோய்விட்டது. மறுநாள் மாலை யாழ்ப்பாண நீதவான் முன் நிறுத்தினார்கள். பிணை கிடைத்து வீட்டுக்குப் போனார். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ ஒரு நாள்.

காரணம் ஒரு சீருடை. நகரத்தில் கண்ட இடத்தில் குப்பை கொட்டுகிறவர்களையும் வெற்றிலை துப்புகிறவர்களையும் பிடித்துத் தண்டம் அறவிடுவதற்கு மாநகர சபை ஐந்து பேரைக் கொண்ட ஓர் அணியை அமைத்திருந்தது. அவர்களுக்குக் கொடுத்தது இளநீலச் சேட்டும் கடுநீல நீளக் காற்சட்டையும். அது விடுதலைப் புலிகளின் காவல்துறை உடுப்பைப் போல இருக்கிறது என்று சொல்லப்பட்டது. கொழும்பு மாநகர சபையின் காவல் ஊழியர்களும் இதைப் போன்ற உடுப்பைத்தான் போடுகிறார்கள் என்று முதல்வர் தரப்பு விளக்கம் சொன்னது. அரசியலில் அவரோடு ஒத்துப்போகாதவர்கள்கூட அந்தக் கைதைக் கண்டித்தார்கள்.

வழக்குள்ள ஒருவர் மக்கள் பிரதிநிதியாக, அதிலும் பதவியில், இருக்கலாமா என்று கதை வரும்போது பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது கொலையும் கொள்ளையும் கைலஞ்சமும்தான். அது நியாயம். ஆனால் யாழ்ப்பாணத்தில் இருந்து யோசிக்கிற எனக்கு இந்த நீலச் சேட்டையும் பக்கத்தில் வைக்காமல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

21க்கு 20

கைதுக்கு முந்திய கதை ஒன்றிருக்கிறது. 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் 45 உறுப்பினர் கொண்ட யாழ் மாநகர சபையில் ஒரு கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. தமிழரசுக் கட்சியின் இம்மானுவேல் ஆனல்ட் முதல்வரானார். 2020 டிசம்பரில் அவருடைய வரவு செலவுத் திட்டம் தோற்றது, பதவியும் போனது. டிசம்பர் 30ஆம் திகதி புதிய தெரிவு நடந்தது. மணிவண்ணனுக்கு 21 வாக்கு, ஆனல்டுக்கு 20.

ஒரு வாக்கு. அதற்குப் பிறகு நூறு நாளில் கைது.

இப்போது இப்படி யோசித்துப் பார்ப்போம். நம் நாட்டில் பலர் கேட்கிற மாதிரி, கைதான அல்லது வழக்குப் போடப்பட்ட மக்கள் பிரதிநிதி உடனே பதவியை விட வேண்டும் என்ற சட்டம் 2021இல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் யாழ்ப்பாணத்துக்கு முதல்வர் இல்லை. மறுபடி தெரிவு. 21க்கு 20 என்ற சபையில் ஒருவரை எடுத்துவிட்டால் கணக்கே மாறிவிடும். ஒரு நகரத்தை யார் ஆள்வது என்பதை ஒரு பொலிஸ் அதிகாரியின் கையெழுத்து தீர்மானித்திருக்கும். அந்த அதிகாரிக்குக் கெட்ட எண்ணம் இருக்கத் தேவையில்லை. சட்டத்தின் வடிவமே அந்த அதிகாரத்தை அவர் கையில் வைத்துவிடும்.

இது ஒரு தடவை நடந்த விபத்து என்றும் சொல்ல முடியாது. 2023 ஜூனில் மருதங்கேணியில் பொலிஸாரோடு ஏற்பட்ட வாக்குவாதத்துக்காக நாடாளுமன்ற உறுப்பினர் கஜேந்திரகுமார் பொன்னம்பலம் கொழும்பில் வைத்துக் கைது செய்யப்பட்டு, கிளிநொச்சி நீதவான் நீதிமன்றத்தில் பிணையில் விடப்பட்டார். 2020 செப்டம்பரில் திலீபன் நினைவேந்தலுக்காக முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் எம்.கே.சிவாஜிலிங்கம் கைதானார். வடக்கில் அரசியல் செய்கிறவருக்கு ஒரு வழக்காவது இருப்பது எங்களுக்குப் புதினமில்லை.

இப்போதுள்ள சட்டம்

அரசியலமைப்பின் 89ஆம், 91ஆம் உறுப்புரைகளைச் சேர்த்து வாசித்தால் விடயம் இதுதான்: இரண்டு வருடத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய ஒரு குற்றத்துக்காக ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்று அதை அனுபவித்துக்கொண்டிருப்பவரும், அனுபவித்து முடித்து ஏழு வருடம் ஆகாதவரும், மரண தண்டனைக்கு உள்ளானவரும் நாடாளுமன்றத்துக்குத் தகுதியற்றவர்கள். ஏற்கெனவே உறுப்பினராக இருந்தால் 66ஆம் உறுப்புரையின் கீழ் ஆசனம் போகும். குற்றச்சாட்டைப் பற்றி அங்கே ஒரு வரியும் இல்லை. 13(5) உறுப்புரை, குற்றவாளி என்று நிரூபிக்கப்படும் வரை எவரும் சுற்றவாளியே என்கிறது.

அந்த வாசகத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது, அது சின்ன ஓட்டையில்லை. 2022 ஜூனில், அமைச்சராக இருந்த பிரசன்ன ரணதுங்கவைக் கப்பம் கோரிய வழக்கில் கொழும்பு மேல் நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்டு இரண்டு வருடச் சிறைத்தண்டனை விதித்தது. ஆனால் அது ஐந்து வருடத்துக்கு ஒத்திவைக்கப்பட்ட தண்டனை. சிறைக்குப் போகவில்லை என்பதால் ஆசனம் தப்பியது. அடுத்த மாதம் அமைந்த அமைச்சரவையிலும் அவர் இருந்தார். அதற்கு முதல் வருடம் ரஞ்சன் ராமநாயக்கவுக்கு நீதிமன்ற அவமதிப்புக்காக நாலு வருடக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. சில மாதத்தில் ஆசனமும் போனது. அவர் செய்தது நீதிபதிகளையும் சட்டத்தரணிகளையும் பற்றி ஊடகவியலாளரிடம் சொன்ன ஒரு வசனம். இரண்டு தீர்ப்புகளையும் நான் இங்கே குறைசொல்ல வரவில்லை. ஆனால் வாய்ப்பேச்சு ஆசனத்தைப் பறிக்க, கப்பக் குற்றத் தீர்ப்பு அமைச்சுப் பதவியைக்கூடத் தொடாமல் போனது என்றால், கோடு தவறான இடத்தில் கிடக்கிறது என்று சொல்வேன்.

வாசிகசாலையில் கேட்டது

எங்கள் ஊர் வாசிகசாலையில் பின்னேரம் பேப்பர் பார்க்க வருகிற ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். மணிவண்ணன் கைதான செய்தி வந்த அன்று அவரோடு கதைத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"தம்பி, வழக்கிருக்கிற ஆக்களெல்லாம் விலத்த வேணும் எண்டு சட்டம் போட்டால், எங்கட பக்கத்தில ஆர் மிஞ்சுவினம்?"

"அப்ப கொலை வழக்கிருக்கிற ஆளும் மந்திரியா இருக்கலாமோ மாஸ்டர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றிப் பேப்பருக்கு மேலே வைத்தார். "அதில்லைத் தம்பி. என்ன வழக்கு, ஆர் போட்டது, எந்தக் கோட்டில நிக்குது. இந்த மூண்டையும் கேட்காமல் ஆளை எழுப்பவும் கூடாது, இருத்தவும் கூடாது."

இந்த விடயத்தில் நான் படித்த எந்தக் கட்டுரையும் கேள்வியை இவ்வளவு தெளிவாக வைக்கவில்லை.

மட்டக்களப்பு

மாஸ்டரின் மூன்று கேள்விகளையும் கிழக்குப் பக்கம் கொண்டுபோனால் பதில் வேறு மாதிரி வருகிறது.

2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலி. மட்டக்களப்பு புனித மரியாள் பேராலயத்துக்குள் வைத்து நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். பத்து வருடத்துக்குப் பிறகு, 2015 ஒக்டோபரில், அந்தக் கொலை தொடர்பாகக் கிழக்கின் முன்னாள் முதலமைச்சர் பிள்ளையான் என்ற சிவநேசதுரை சந்திரகாந்தன் கைதானார். வழக்கு மட்டக்களப்பு மேல் நீதிமன்றத்துக்குப் போனது. 2020 ஓகஸ்டில், விளக்கமறியலில் இருந்தபடியே, 54 ஆயிரத்துக்கு மேற்பட்ட விருப்பு வாக்கு பெற்று அவர் மட்டக்களப்பு எம்.பி. ஆனார். சிறைச்சாலையிலிருந்து சபைக்கு வந்து போனார். நவம்பரில் பிணை. 2021 ஜனவரியில் சட்டமா அதிபர் வழக்கைத் தொடரப்போவதில்லை என்று அறிவிக்க, நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2022இல் இராஜாங்க அமைச்சரானார். 2025 ஏப்ரலில், கிழக்குப் பல்கலைக்கழக உபவேந்தராக இருந்த பேராசிரியர் எஸ்.ரவீந்திரநாத் 2006 டிசம்பரில் காணாமல் போனது தொடர்பாக மறுபடி கைதானார்.

சட்டப்படி அவர் பரராஜசிங்கம் வழக்கில் விடுவிக்கப்பட்டவர். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல உரிமையில்லை. என் கவலை வழக்கு நடந்த விதத்தில் இருக்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டவர் அரசாங்கத்தோடு நிற்கிற எம்.பி. ஆகிவிட்டார். வழக்குத் தொடுத்த சட்டமா அதிபரோ அதே அரசாங்கத்தின் சட்ட ஆலோசகர். சாட்சிகள் அதே மாவட்டத்தில் வாழ்கிற சாதாரண சனம். அவர்கள் தொலைக்காட்சியில் பார்த்தது, தாங்கள் எவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டுமோ அவர் பொலிஸ் பாதுகாப்போடு சபைக்குள் போவதை. சாட்சிகளைப் பாதுகாக்கவென்று 2015இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் இப்படியொரு படத்தைப் பார்த்த சாட்சிக்கு எந்தச் சட்டம் தைரியம் கொடுக்கும்?

இதே தேர்தலில் இரத்தினபுரியிலும் ஒன்று நடந்தது. 2015 ஜனவரியில் கஹவத்தையில் தேர்தல் மேடை ஒன்றில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக் கொலைக்காகப் பிரேமலால் ஜயசேகரவுக்கு 2020 ஜூலை 31ஆம் திகதி மரண தண்டனை விதிக்கப்பட்டது. வாக்களிப்பு ஓகஸ்ட் 5. வேட்புமனு மார்ச்சிலேயே முடிந்துவிட்டபடியால் பெயர் வேட்பாளர் பட்டியலில் நின்றது, ஒரு லட்சத்துக்கு மேல் விருப்பு வாக்கும் விழுந்தது. அவர் சபையில் இருக்கத் தகுதியில்லை என்று சட்டமா அதிபர் கருத்துச் சொன்னார். மேன்முறையீடு நிலுவையில் இருப்பதைக் காட்டி மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி வாங்கிக்கொண்டு செப்டம்பரில் சத்தியப்பிரமாணம் செய்தார். எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கறுப்புச் சால்வை அணிந்து எதிர்ப்புக் காட்டினார்கள். 2022 மார்ச்சில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

இந்த வழக்கு என்னைத் தடுமாற வைத்தது, அதை மறைக்க மாட்டேன். மரண தண்டனைக் கைதி சட்டம் இயற்றுகிறார் என்று அன்று கொதித்தவர்களில் நானும் ஒருவன். ஆசனத்தைப் பறித்திருந்தால், இரண்டு வருடம் கழித்து விடுதலையானவருக்கு அதை எப்படித் திருப்பிக் கொடுத்திருப்போம்?

எங்களுக்குத் தெரிந்த பழைய சம்பவங்கள்

வழக்கே இல்லாமல் பதவி பறித்த வரலாறும் இந்த நாட்டில் இருக்கிறது. 1980 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியுரிமை ஏழு வருடத்துக்குப் பறிக்கப்பட்டது. குற்றவியல் நீதிமன்றம் எதுவும் தீர்ப்புச் சொல்லவில்லை. விசேட ஜனாதிபதி ஆணைக்குழுவின் அறிக்கையும் நாடாளுமன்றத்தின் மூன்றில் இரண்டும் போதுமாயிருந்தன. 1983 ஓகஸ்டில் வந்த ஆறாவது திருத்தம் பிரிவினைக்கு எதிரான சத்தியத்தைக் கட்டாயமாக்க, 1977இல் தமிழ்ச் சனம் வாக்களித்து அனுப்பிய தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். அதற்குப் பிறகு வடக்கு யார் கையில் போனது என்பது எல்லோருக்கும் தெரியும்.

1982இல் வட்டுக்கோட்டை எம்.பி. திருநாவுக்கரசு இறந்தபோது, கூட்டணி அந்த இடத்துக்கு நியமித்தது மரண தண்டனை விதிக்கப்பட்டுச் சிறையில் இருந்த, டெலோ இயக்கத்தின் குட்டிமணியை. சத்தியப்பிரமாணம் செய்ய அவரை வெளியே விடவில்லை. அடுத்த வருடத் தொடக்கத்தில் அந்த ஆசனம் வெற்றிடமாகி, நீலன் திருச்செல்வத்துக்குப் போனது. 1983 ஜூலையில் குட்டிமணி வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். வட்டுக்கோட்டைப் பக்கத்து முதியவர்கள் இதை இன்றும் சொல்வார்கள். சிறையில் இருப்பவரைத் தெரிவுசெய்வதை எங்கள் சனம் எதிர்ப்பின் மொழியாகப் பார்த்த காலம் அது. அதே மொழியைப் பிறகு வேறு ஆட்கள் வேறு காரணத்துக்குப் பாவித்தார்கள்.

முடியாமலே கிடக்கிற வழக்கு இன்னொரு வகை. 1986 தீபாவளி அன்று சென்னை சூளைமேட்டில் நடந்த துப்பாக்கிச் சூடு தொடர்பாக டக்ளஸ் தேவானந்தாவைத் தேடப்படும் நபராகச் சென்னை நீதிமன்றம் அறிவித்திருந்தது. அவர் 1994 முதல் 2024 வரை எம்.பி., பல அரசாங்கங்களில் அமைச்சர். 2010இல் ஜனாதிபதியோடு டில்லிக்குப் போனபோது அந்த வழக்கு பெரிதாகப் பேசப்பட்டது. அரசியல் வாழ்வின் பெரும்பகுதி ஒரு குற்றச்சாட்டின் கீழேயே போயிற்று. இறந்தவரின் குடும்பத்துக்கும் அது பதில் இல்லை, அவருக்கும் அது தீர்ப்பு இல்லை.

கோடு எந்த இடத்தில்?

இனி என் நிலைப்பாட்டைச் சொல்கிறேன்.

கைது என்பது கோடாக இருக்கவே கூடாது. நீதவானிடம் பொலிஸ் கொடுக்கிற பீ அறிக்கையும் கூடாது. அது பொலிஸின் கதை மட்டும்தான். மறியலில் கழிந்த நாட்களை எண்ணுவதும் எங்களுக்கு ஆகாது. இந்தியாவில் 2025 ஓகஸ்டில் கொண்டுவந்த 130ஆவது அரசியலமைப்புத் திருத்த மசோதா, பாரதூரமான குற்றச்சாட்டில் 30 நாள் தொடர்ந்து காவலில் இருந்தால் அமைச்சர் பதவி போகும் என்கிறது. இங்கே பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கிறது. 1979இல் வந்த அந்தச் சட்டத்தின் கீழ் குற்றச்சாட்டே இல்லாமல் 18 மாதம் வரை தடுத்து வைக்கலாம் என்றிருந்தது. 2022 திருத்தத்தில் அது 12 மாதமானது. 2021 ஏப்ரலில் அந்தச் சட்டத்தில் கைதான நாடாளுமன்ற உறுப்பினர் ரிஷாட் பதியுதீன் ஏறத்தாழ ஆறு மாதம் உள்ளே இருந்தார். மறுவருடம் நீதிமன்றம் விடுவித்தது. அவர் அமைச்சராக இருந்திருந்தால், 30 நாள் விதி ஒரு நிரபராதியின் பதவியைப் பறித்திருக்கும்.

சரி, எங்கே போடுவது? மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை கையளிக்கப்படும் இடத்தில். அதுவும் கொலை, ஆட்கடத்தல், பாலியல் வன்முறை, கப்பம், இலஞ்சம் போன்ற குற்றங்களுக்கு மட்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தை மட்டும் வைத்துப் போட்ட வழக்கு இதில் சேரக்கூடாது. அந்த வாக்குமூலங்கள் எப்படி எடுக்கப்பட்டன என்பது எங்கள் வீடுகளுக்குத் தெரியும்.

அந்த இடத்திலும் போக வேண்டியது நிர்வாகப் பதவி மட்டும்: அமைச்சு, முதல்வர், தவிசாளர், அபிவிருத்திக் குழுத் தலைமை. பொலிஸையும் அதிகாரிகளையும் பணத்தையும் கையாளுகிற கதிரைகள் அவை. சாட்சியைப் பயப்படுத்தக்கூடிய பலம் அந்தக் கதிரையில் இருக்கிறது. சாதாரண உறுப்பினர் ஆசனம் சனத்தின் குரல், அது தீர்ப்பு வரும் வரை நிற்கட்டும். தீர்ப்பு குற்றவாளி என்றால், ஒத்திவைத்த தண்டனையாக இருந்தாலும், ஆசனம் மேன்முறையீடு முடியும் வரை இடைநிறுத்தப்பட வேண்டும். பட்டியலில் அடுத்த விருப்பு வாக்குக்காரர் தற்காலிகமாக இருக்கலாம். ஜயசேகர போல விடுதலையானால் திரும்பி வரட்டும்.

இந்தியச் சட்ட ஆணைக்குழு 2014இல் கொடுத்த 244ஆவது அறிக்கையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வேன். குற்றச்சாட்டு வனையப்பட்ட கட்டத்திலேயே தகுதியிழப்பு என்று சொன்ன அந்த அறிக்கை, வேட்புமனுப் பரிசீலனைக்கு முந்திய ஒரு வருடத்துக்குள் வந்த குற்றச்சாட்டைக் கணக்கெடுக்கக்கூடாது என்றும் சொன்னது. தேர்தல் நேரத்தில் பெட்டிசம் போட்டு ஆளை விழுத்துகிற பழக்கம் எங்கள் ஊருக்கும் தெரியாததல்ல.

குற்றப்பத்திரிகையைக் கோடாக வைத்தால் சட்டமா அதிபர் திணைக்களத்தின் கையில்தானே பேனா இருக்கும் என்று கேட்கலாம். உண்மை. அரசாங்கத்தின் ஆலோசகரும் வழக்குத் தொடுநரும் ஒருவராக இருக்கும் வரை நான் சொல்கிற ஏற்பாடு முழுதாக வேலை செய்யாது. தனியான வழக்குத் தொடுநர் அலுவலகம் பற்றி இந்த நாட்டில் நெடுநாளாகப் பேசுகிறார்கள்; அது வராமல் இந்தக் கோட்டைச் சட்டமாக்குவதை நானே எதிர்ப்பேன். அப்புறம், பதவியை விட்டு நிற்கிறவரின் வழக்கை நாள்தோறும் விசாரித்து ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் பதவி திரும்பிப் போக வேண்டும். தவணைக்கு மேல் தவணை போட்டு ஒருவரைப் பத்து வருடம் வெளியே நிறுத்துவது தண்டனைதான்.

அதுவரை கட்சிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2015இல் சிவில் அமைப்புகள் சேர்ந்த மார்ச் 12 இயக்கம் வேட்பாளர் தெரிவுக்கு எட்டு அளவுகோல்களை முன்வைத்தபோது கட்சித் தலைவர்கள் கையெழுத்திட்டார்கள். குற்றவாளியாக இல்லாதிருப்பது அதில் ஒன்று. அதைப் பிடித்து நிறுத்தச் சட்டம் ஒன்றும் இல்லை. சனம்தான் கூட்டத்தில் எழும்பி நின்று கேட்க வேண்டும்.

இந்தக் கோட்டைச் சம்பவங்கள்மேல் வைத்துப் பார்த்தேன். மணிவண்ணன் தன் கதிரையில் இருந்திருப்பார், 21க்கு 20 என்ற சபை தன் வழியில் போயிருக்கும். பின்னர் உண்மையில் நடந்ததும் அதுதான்: 2022 டிசம்பரில் வரவு செலவுத் திட்டம் தோற்றபோது அவர் பதவி விலகினார். அவரை இறக்கியது சபையின் வாக்கு. கஜேந்திரகுமாரின் ஆசனத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ரணதுங்க அமைச்சை விட்டிருப்பார், 2022 ஜூனில் அவருடைய ஆசனமும் இடைநிறுத்தப்பட்டிருக்கும். மட்டக்களப்பு வழக்கில், 2020இல் தெரிவான உறுப்பினர் தன் ஆசனத்தில் இருந்திருப்பார், ஆனால் குற்றப்பத்திரிகை நிலுவையில் இருந்த காலத்தில் எந்த அரசாங்கப் பொறுப்பையும் ஏற்றிருக்க முடியாது. வழக்கைக் கைவிடுவதா இல்லையா என்பதை அரசாங்கத்தின் ஆலோசகர் இல்லாத ஒருவர் முடிவு செய்திருப்பார். அந்த முடிவும் விடுதலையாகவே இருந்திருக்கலாம். ஆனால் சாட்சிகள் கூண்டில் ஏறிப் பேசியிருப்பார்கள்.

பரராஜசிங்கம் கொலைக்கு இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. பேராலயத்தில் ஒவ்வொரு நத்தாருக்கும் நள்ளிரவுத் திருப்பலி நடக்கிறது.